வாய் சொன்னதை மட்டும்

ஜூலை 6, ஞாயிறு

மன்னித்துக்கொள் நிலோ. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மிதுனாவைத் தூங்கவைத்து, பாத்திரம் கழுவி, பால்பாட்டிலைக் கொதிக்கவைத்து முடித்தபிறகு இப்போதுதான் நோட்டைத் திறக்க முடிகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அது தூக்கக் கலக்கம்.

நோட்டு உன்னிடமிருந்து வந்து ஐந்து நாளாகிறது. ஒரு மாதம் நீ, ஒரு மாதம் நான் என்று ஒரே நோட்டில் நாட்குறிப்பு எழுதி மதுரைக்கும் இந்த மில் காலனிக்குமாகக் கூரியரில் அனுப்பிக்கொள்கிறோம் என்று சொன்னதற்கு உன் கல்லூரியில் எல்லோரும் சிரித்தார்களாமே. சிரிக்கட்டும். போனில் பேசினால் மிதுனாவின் சளியைத் தவிர எனக்கு வேறெதுவும் வாயில் வருவதில்லை. எழுதினால்தான் மற்றதெல்லாம் வருகிறது.

சளி இன்னும் இருக்கிறது. திண்டுக்கல் டாக்டர் மூச்சை எண்ணச் சொல்லியிருக்கிறார். ஒரு நிமிடத்துக்கு ஐம்பதைத் தாண்டினால் உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும். பத்து மாதக் குழந்தைக்கு அதுதான் கணக்காம். இன்று 38, 40, 38.

என் எம்.ஏ. கட்டுரையை 31ஆம் தேதிக்குள் அனுப்பவேண்டும். தலைப்பு நீ கிண்டல் செய்த அதே தலைப்புதான்: விக்டோரியா காலத்து நாவல்களில் தொழிற்சமூக விமர்சனம். "ஸ்பின்னிங் மில் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்துகொண்டு நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய மில்லைப் படிக்கிறாயே, ஜன்னலைத் திறந்து பாரேன்" என்று ஓரத்தில் எழுதியிருந்தாய். ஜன்னலைத் திறக்க முடியாது நிலோ. திறந்தால் பஞ்சு வருகிறது.

மூன்று மணி நேரம் படிக்க முடிந்தது, சந்தனமாரியின் தயவில். மில் ஹாஸ்டலில் இருக்கும் பெண். தென்காசிப் பக்கம், பத்தொன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் ஹாஸ்டல் பெண்களுக்கு ஓய்வு. வார்டனிடம் சூப்பர்வைசர் என்ற முறையில் இவர் சொல்லி கேட் பாஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இரண்டிலிருந்து ஐந்து வரை மிதுனாவைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு இங்கே வருவது பிடித்திருக்கிறது. "இங்கன சத்தமே இல்லலாக்கா" என்கிறாள்.

ஜூலை 8, செவ்வாய்

39. 42. 40.

கொடியில் காய்ந்த குழந்தைத் துணிகளை உதறி மடிக்கவே அரை மணி நேரம் ஆனது. உதற உதறப் பஞ்சு.

இவருக்குச் சூப்பர்வைசரிலிருந்து மாஸ்டராகப் பதவி உயர்வு வரலாம் என்று பேச்சு. வந்தால் கிழக்கு வரிசையில் வீடு. அங்கே வேப்பமரம் உண்டு, காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும், கொடியில் துணி வெள்ளையாகவே காயும். இன்று மாலை மிதுனாவைத் தூக்கிக்கொண்டு சும்மா அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூலை 10, வியாழன்

நான்கு நாவல்களும் ஒரு சுற்று முடிந்தன. உன்னிடம் கேட்கவேண்டியவற்றை எழுதிவைக்கிறேன்.

எல்லாவற்றிலும் வெளியிலிருந்து ஒருவர் வந்து முதல் தடவையாக ஆலைக்குள் நுழையும் அத்தியாயம் இருக்கிறது. பெரும்பாலும் படித்த பெண். சத்தம், எண்ணெய் நாற்றம், தூசி. அவள் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்கிறாள். கைக்குட்டை இல்லாமல் அங்கே நின்றவர்கள் கண்ணுக்கு அவள் எப்படித் தெரிந்தாள்? அதை யாருமே எழுதவில்லையே, ஏன்?

தொழிலாளிகளை அப்போது 'கைகள்' என்று சொல்லியிருக்கிறார்கள். முந்நூறு கைகள் வெளியேறின, நூறு கைகள் தேவை. ஒரு கைக்குப் பெயரும் முகமும் வரவேண்டுமென்றால் அது சாகவேண்டியிருக்கிறது. சாகும்போது மட்டும் இரண்டு பக்கம் பேசவிடுகிறார்கள். இதை இவரிடம் சொன்னேன். "நாங்க தலைன்னு சொல்றோம்ல. நைட் ஷிஃப்டுக்குப் பத்துத் தலை குறையுதும்போம். கையிலேர்ந்து தலைக்கு வந்தாச்சு, முன்னேற்றம்தானே" என்றார். கத்தித்தான் சொன்னார். பத்தொன்பது வயதிலிருந்து மில்லுக்குள் நிற்கிறவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மிதுனா விழித்துக்கொண்டாள்.

இன்னொன்று. ஆலைப் பிள்ளைகளை விசாரிக்க அந்த நாட்டில் குழுக்கள் போட்டார்கள், பெரிய பெரிய அறிக்கைகள் அச்சாயின, நாவல் எழுதினவர்களும் அவற்றைப் படித்தார்கள் என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை தன் ஊர்ப் பேச்சில் இழுத்து இழுத்துச் சொன்னதை, அச்சேறும்படி நேராக்கி எழுதின குமாஸ்தா ஒருவர் இருந்திருப்பாரே. அவர் எதைச் சேர்த்தார், எதை விட்டார்? வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டாரா? அவரைப் பற்றி எங்கேயாவது இருக்கிறதா நிலோ? நாவலில் ஆலை முதலாளி இருக்கிறார், பாதிரியார் இருக்கிறார், மனம் மாறும் மகள் இருக்கிறாள். குமாஸ்தாவை மட்டும் காணோம்.

38, 38, 41.

ஜூலை 13, ஞாயிறு

இன்று படிக்கவே இல்லை. அதைவிட நல்லது ஒன்று கிடைத்தது.

மிதுனாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சந்தனமாரியிடம் கேட்டேன், "உள்ளே எப்படிப் பேசிக்குவீங்க? இவர் வீட்டுலயே கத்துறார்."

"பேசவே மாட்டோம்லாக்கா. கைதான்."

"கைன்னா?"

வெட்கப்பட்டாள். பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினாள். இரண்டு விரலை ஒட்டிவைத்துப் பட்டென்று பிரித்தால் நூல் அறுந்தது. மூக்கின் மேல் புறங்கையை வைத்தால் தூசி அதிகம், அந்தப் பக்கம் வராதே. கட்டைவிரலை உதட்டில் வைத்தால் தண்ணீர். ஆள்காட்டி விரலால் காதைத் தொட்டால் வார்டன், ஏனென்றால் வார்டன் பெரிய ஜிமிக்கி போடுவார். எனக்கு அடக்கமுடியாத ஆசை. வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி ஒவ்வொன்றையும் செய்து காட்டி, சரியா சரியா என்று கேட்டேன்.

"சூப்பர்வைசருக்கு உண்டா?"

"வேண்டாம்க்கா."

"சொல்லு."

"அக்கா கோச்சுக்குவீங்க."

வற்புறுத்தினபிறகு வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து வட்டமாக ஒரு தடவு தடவினாள். என் வீட்டுக்காரருடைய தொப்பை. இரண்டு பேரும் சிரித்ததில் மிதுனாவும் சிரித்தாள். சிரித்து முடித்தபின் சந்தனமாரிக்கு இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

கடைசியாக ஒன்று காட்டினாள். வலதுகை முட்டியால் இடது உள்ளங்கையில் இரண்டு தட்டு. "ஆள் மாத்து. என்னால நிக்க முடியல, என் சைடை வந்து பாருன்னு அர்த்தம்." ஒரு பெண் பார்த்துக்கொள்ளவேண்டிய மெஷின் வரிசைதான் சைடு. பார்த்தவள் தன் நெஞ்சில் கையை வைத்து, பிறகு அந்த வரிசையைக் காட்டவேண்டும். நான் பார்த்துக்கிறேன், நீ போ.

"அவளுக்கும் வேலை இருந்தா?"

"இருந்தாலும் வரணும்க்கா. என்ன ஏதுன்னு கேக்கக் கூடாது. பாத்துட்டுப் பாக்காத மாதிரி போனவகிட்ட அப்புறம் யாரும் பேச மாட்டோம். சோத்துத் தட்டுகூடப் பக்கத்துல வைக்க மாட்டோம்."

எவ்வளவு சுவாரஸ்யம் பார். கட்டுரையில் இதைச் சேர்க்க வழி இருக்குமா? இங்கிலாந்து ஆலைகளிலும் இப்படிச் சைகை இருந்திருக்குமா? தேடிப் பார்த்துச் சொல்.

மிதுனா 40. சந்தனமாரி மடியில் அவள் தூங்கும்போது எண்ணினேன். விளையாட்டாகச் சந்தனமாரியுடையதையும் எண்ணினேன். உட்கார்ந்த இடத்தில் 32. பெரியவர்களுக்கு எவ்வளவு இருக்கவேண்டும் என்று போனில் தேடினேன். அதற்குள் மிதுனா எழுந்துகொண்டாள், தேடியதைப் படிக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வெள்ளிக்கிழமை ஆடிட் வருகிறார்களாம். இந்த மில் நூலில் செய்யும் துணியை வாங்குகிறவர்கள். ஹாஸ்டல் பெண்கள் பத்துப் பேரைத் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசுவார்களாம், மில் அதிகாரி யாரும் கூட இருக்கக்கூடாதாம். வரவேண்டிய மொழிபெயர்ப்பாளருக்கு டெங்கு.

"நீ போயேன்" என்றார் இவர். "உன் இங்கிலீஷ் ஒருநாளாவது நமக்குப் பிரயோஜனப்படட்டும்."

"நான் உங்க மனைவியாச்சே. ஒத்துக்குவாங்களா?"

"எம்.ஏ. படிக்கிறவங்கன்னு சொல்லியாச்சு. அது பொய்யா?"

பொய் இல்லை. சாயங்காலம் முழுக்கக் கண்ணாடி முன் நின்று வாக்கியங்களைச் சொல்லிப்பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒருவரோடும் இங்கிலீஷில் பேசினதில்லை. நாக்கு மரத்துப்போயிருக்கிறது. எந்தப் புடவை கட்டுவது?

ஜூலை 18, வெள்ளி

நன்றாக நடந்தது. எல்லாவற்றையும் ஞாபகம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

மில்லை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மூன்று மாதமாக ரிப்பேர் என்று நின்றிருந்த, தூசி இழுக்கும் மெஷின் ஓடியது. பெண்கள் எல்லோருக்கும் மாஸ்க். பாக்கெட்டில் மடித்திருந்த கோடு ஒவ்வொரு மாஸ்க்கிலும் அப்படியே தெரிந்தது. நாவலில் அந்தப் படித்த பெண்மணி வரும் அத்தியாயத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது, ஆனால் அந்தப் பெண்மணிக்குப் பக்கத்தில் நான். கைக்குட்டை இரண்டு பேரிடமும் இருந்தது.

அவர் பெயர் இங்க்ரிட். ஐம்பது வயது இருக்கும், தட்டையான செருப்பு, கணீரென்ற குரல். கெஸ்ட் ரூமில் அவர், நான், எதிரே ஒரு பெண் என்று உட்கார்ந்தோம். கண்ணாடிக் கதவு. வெளியே வராந்தாவில் இவரும் வார்டனும் தண்ணீர் பாட்டில்களோடு நின்றார்கள். உள்ளே பேசுவது வெளியே கேட்காது.

சாப்பாடு எப்படி, எத்தனை மணி நேரம் வேலை, லீவு உண்டா, உடம்பு எப்படி. பத்துப் பேரும் நன்றாகப் பேசினார்கள். ஆறாவது சந்தனமாரி. அவளும் நன்றாகப் பேசினாள். என் மொழிபெயர்ப்பு மிகத் தெளிவாக இருந்தது என்று இங்க்ரிட் கையைப் பிடித்துச் சொன்னார், தன் விலாசச் சீட்டைக் கொடுத்தார். மில் ஜி.எம். எனக்கு ஒரு ஃபிளாஸ்க் பரிசு கொடுத்தார். இவர் வழிநெடுக ஒன்றும் பேசவில்லை, களைப்பு.

மிதுனா 39.

ஜூலை 19, சனி

ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஆறு மணி நேரம் சூடாக இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

சந்தனமாரி வரவில்லை. இரண்டு மணியிலிருந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டல் பெண்கள் ஐந்து பேர் கடைக்குப் போனார்கள். வழக்கமாக மிதுனாவைப் பார்த்துக் கையாட்டுகிறவர்கள். இன்று ஒருத்தியும் திரும்பவில்லை. வெயில் கண்ணில் அடித்திருக்கும்.

திரும்பி வரும்போதும் அப்படியே போனார்கள். அப்போது வெயில் முதுகுப்பக்கம்.

ஜூலை 22, செவ்வாய்

வெள்ளிக்கிழமை பற்றி எழுதினதில் ஒன்றை விட்டுவிட்டேன் நிலோ.

இங்க்ரிட் சந்தனமாரியிடம் கேட்டார், இருமல் உண்டா, மூச்சுக்குக் கஷ்டமா, வேறு இடத்தில் வேலை வேண்டுமா. நான் தமிழில் கேட்டேன். அவள் பார்வை கண்ணாடிக் கதவுக்குப் போய்விட்டு வந்தது. "ஒண்ணும் இல்ல மேடம். நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். சொல்லும்போதே மடியில் வலதுகை முட்டி இடது உள்ளங்கையில் இரண்டு தட்டியது. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. என்னைப் பார்த்துக்கொண்டுதான் தட்டினாள்.

நான் சொன்னேன்: தனக்கு ஒன்றும் இல்லை, நலமாக இருக்கிறேன் என்கிறாள்.

அதற்காவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வாய் சொன்னதை மொழிபெயர்ப்பதுதானே என் வேலை. ஆனால் இங்க்ரிட் கவனித்துவிட்டார். "கையால் என்ன செய்கிறாள்?" என்று என்னிடம் கேட்டார். நான், "அது ஒரு பழக்கம் மேடம். மெஷினில் நிற்கும்போது எல்லோரும் செய்வார்கள்" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார். சந்தனமாரிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நான் நெஞ்சில் கை வைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

இன்னொன்று. பெரியவர்களுக்கு மூச்சு நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது வரை. 13ஆம் தேதியே படித்தேன்.

கிழக்கு வரிசை வீட்டைப் பற்றி யோசித்துக்கொண்டேதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூலை 23, புதன்

இவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அந்தத் தென்காசிப் பொண்ணு சிக் ரூம்ல இருக்கு. திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புறாங்க" என்றார்.

"ஆஸ்பத்திரிக்கு?"

"வீட்டுக்கு. அதுக்கு ஒரு லெட்டர் வேணும், ஹெட் ஆபீஸ் ஃபைலுக்கு. இங்கிலீஷ்ல. நீ எழுதினா நல்லா இருக்கும்."

"என்னன்னு?"

"சின்ன வயசுலேர்ந்தே வீசிங் உண்டு, சொந்த விருப்பத்துல வேலையை விட்டுப் போறேன்னு. அவ கையெழுத்து போடுவா."

"சின்ன வயசுலேர்ந்தே இருந்துச்சா?"

"சுபா, இங்கே வந்தப்புறம்னு எழுதினா ஆஸ்பத்திரி, இன்ஸ்பெக்டர்னு இழுக்கும். அந்த செக்‌ஷன் என் பொறுப்பு. மாஸ்டர் லிஸ்ட் அடுத்த வாரம்." மோர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். "நாளைக்குள்ள வேணும்."

வந்தப்புறம் என்று எழுதினால் மில்லே வைத்தியம் பார்க்கவேண்டும். சின்ன வயதிலிருந்தே என்று எழுதிவிட்டால் அவள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்தத் தாள் அவளுக்கு முன்னால் போய் நிற்கும். இது நாலே வரிதான். இதைவிடக் கஷ்டமான பத்தியையெல்லாம் நாம் வகுப்பில் மொழிபெயர்த்திருக்கிறோம்.

அந்தக் குமாஸ்தாவைப் பற்றி எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தேன் அல்லவா? இனிமேல் தேடவேண்டாம்.

ஜூலை 24, வியாழன்

காலையில் மிதுனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, பையில் வெள்ளைத் தாளும் பேனாவும் போட்டுக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனேன். லெட்டர் விஷயம் என்றதும் வார்டன் தானே சிக் ரூம் கதவைத் திறந்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். என்னை அவ்வளவு நம்புகிறார்கள்.

இரும்புக் கட்டிலில் தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். படுக்க முடியவில்லையாம், அதை அவள் சொல்லவில்லை, வார்டன் சொன்னது. அவள் என்னைப் பார்த்துவிட்டு மிதுனாவைப் பார்த்தாள். மிதுனா தாவினாள். வாங்கிக்கொள்ளவில்லை.

"சந்தனமாரி, ஒரு லெட்டர் எழுதணும்."

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"நான் செய்தது தப்பு."

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர்களுடைய சட்டம் அது. பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போனவளிடம் பேசுவதில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல், மிதுனாவைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு அவள் முகத்துக்கு நேராகப் போய் நின்றேன். நெஞ்சில் கையை வைத்தேன். பிறகு அவளைக் காட்டினேன். சைடு இல்லாத இடத்தில் வேறு எதைக் காட்டுவது? வராந்தாவில் வார்டன் சிரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் என் கையையே பார்த்தாள்.

"ஆறு நாளாச்சுக்கா" என்றாள்.

"ஆமா."

"ஆறு நாளா ஒருத்தி நின்னுக்கிட்டே இருந்தா என்ன ஆவா?"

அவளே மிதுனாவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "கேளுங்க, என்ன எழுதணும்?"

கேட்டேன். அவள் சொன்னாள், நான் எழுதினேன். மில்லுக்கு வரும்முன் சுள்ளி பொறுக்கக் காட்டுக்குள் ஏறி இறங்குவாளாம், மூச்சு வாங்கினதே இல்லை. வந்து இரண்டு வருடம். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் போட்டு பதினாலு மாதம், அங்கேதான் தூசி அதிகம். முதல் இருமல் போன கார்த்திகையில். மூன்று தடவை இடம் மாற்றக் கேட்டாள், யார் யாரிடம் என்று சொன்னாள். இரண்டாவது பெயர் இவருடையது. என் பேனா நின்றது.

"விட்டுரலாம்க்கா, அந்தப் பேரை வேணா" என்றாள்.

"நீ கேட்டியா இல்லையா?"

"கேட்டேன்."

எழுதினேன். வெள்ளிக்கிழமை மேடம் கேட்டபோது வாய் என்ன சொன்னது, கை என்ன சொன்னது, மொழிபெயர்த்தவள் எதைச் சொல்லாமல் விட்டாள் என்பதையும் எழுதினேன். பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துக்காட்டினேன். ஒரே இடத்தில் திருத்தினாள். 'என்னால் நிற்க முடியவில்லை' என்று எழுதியிருந்தேன். "நிப்பேன்க்கா. மூச்சுதான் நிக்க மாட்டேங்கு" என்றாள். அதையே போட்டேன். இரண்டு பிரதியிலும் தமிழில் கையெழுத்துப் போட்டாள், கொட்டை எழுத்தில், இன்ஷியலோடு.

கிளம்பும்போது ஜன்னல் வழியாக இவர் சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி ஷெட்டுக்குப் போவது தெரிந்தது. சந்தனமாரி என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை வயிற்றில் வைத்து மெதுவாக ஒரு வட்டம் சுற்றினாள்.

அவள் மூச்சை எண்ணினேன், அவளுக்குத் தெரிந்தே. 36. மிதுனாவுக்கு இன்று எண்ண மறந்துவிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

இதைப் பட்டப்பகலில் எழுதுகிறேன். கூரியர் பையன் பன்னிரண்டு மணிக்கு வருவான்.

நேற்று ஷிஃப்ட் முடிந்து வந்ததும் இவரிடம் ஒரு பிரதியைக் கொடுத்தேன். வரிக்குக் கீழே விரலை வைத்து மெதுவாகப் படித்தார். தன் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது.

"நான் இதையா கேட்டேன்?"

"அவ சொன்னதைத்தான் எழுதியிருக்கேன்."

"அன்னிக்கு வாயைத் தொறந்து ஒண்ணுமே சொல்லலியே அவ."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க வெளியில நின்னீங்க. உள்ளே பேசினது கேட்காது."

தாளை மடித்தார், மறுபடி பிரித்தார். "கேட்கல. கையைத்தான் பார்த்தேன்" என்றார். நிலோ, இந்த மூன்று வருடத்தில் இவர் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "நீயும்தான் பார்த்தே."

"ஆமா. நானும்தான்."

ஒரே வீட்டில் ஆறு நாள் இரண்டு பேரும் அதைத் தெரிந்துகொண்டே சோறு போட்டு, சாப்பிட்டு, குழந்தைக்கு மருந்து கொடுத்திருக்கிறோம். அதன்பிறகு அவர் மிதுனாவைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றுகொண்டார். சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலை. தாளைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். இன்று காலை சட்டை மாற்றினபோது அதை எடுத்துப் புதுச் சட்டையின் பையில் வைத்துக்கொண்டு போனார். ஆபீஸில் கொடுப்பாரா, கிழித்துப் போடுவாரா என்று தெரியாது. நானும் கேட்கவில்லை. கிழக்கு வரிசை இனிக் கிடைக்காது, இந்த வீடே இருக்குமா என்பதும் தெரியாது.

அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்தால் அது பழைய பழக்கம்தான். பத்து மணிக்கு இன்னொரு பிரதியைப் போட்டோ எடுத்து, இங்க்ரிட் கொடுத்த சீட்டில் இருந்த விலாசத்துக்கு மெயிலில் அனுப்பிவிட்டேன். மேலே நான் எழுதினது ஒரே வரி: உங்கள் மொழிபெயர்ப்பாளர் போன வெள்ளிக்கிழமை பாதியைத்தான் சொன்னார், மீதி இது. அனுப்பினதும் போனைக் கவிழ்த்து வைத்தேன். மிதுனாவைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு எண்ணினேன். 37.

அந்த நாவல்களின் முடிவுகளைப் பற்றி நீ கேட்டிருந்தாய். ஒருவருக்குச் சொத்து வருகிறது, ஒருவர் கப்பல் ஏறுகிறார், முதலாளி மனம் மாறுகிறார், கல்யாணம். மில் ஒருநாளும் நிற்பதில்லை. இங்கேயும் நிற்கவில்லை, இதோ கேட்கிறது. யாருக்கும் மனம் மாறும்வரை சந்தனமாரியின் மூச்சு காத்திருக்காது, அதனால்தான் உனக்கு இதை அவசரமாக அனுப்புகிறேன். போனில் இரண்டு தடவை முயன்றேன், இரண்டு தடவையும் சளியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை காலை மில் வேன் அவளைத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும். அவள் தென்காசிக்குப் போகவில்லை. மதுரை பஸ் ஏறுகிறாள், நேற்றே இரண்டு பேரும் பேசி முடிவு செய்தோம். அவள் அம்மாவிடம் பேசிவிட்டேன், செவ்வாய் காலை மதுரைக்கு வந்துவிடுவார். பெரியாஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டரைப் பார்த்து, எப்போதிலிருந்து, எதனால் என்று எழுதி வாங்கவேண்டும். திங்கள் ஒரு இரவுக்கு மட்டும் அவளுக்கு இடம் வேண்டும். காலை பதினோரு மணிவாக்கில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவாள். பச்சை ரெக்ஸின் பை, ஒற்றைச் சடை. வேகமாக நடக்கமாட்டாள், மாடிப்படி வேண்டாம். அவள் வாய் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லும். கையைப் பார்.

நாளைக்கு இது உன் கைக்கு வந்துவிடும். உன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு வரமுடியுமா, முடியாதா, இரண்டில் ஒன்று தெரிந்தால் போதும். படித்தவுடன் பதில் போடு நிலோ.

சுபத்ரா